பொம்பளைக்கு ஏத்த வண்டி

ஜெனிட்டாவுக்கு ஒரு கார் வேண்டியிருந்தது. அது தனக்கும் காருக்கும் நடுவில் உள்ள விஷயம் என்று அவள் நினைத்திருந்தாள். பாவம், விவரம் போதாது. கோலார் பக்கத்துச் சுரங்க ஊரான மைசூர் மைன்ஸில் ஒரு பெண் கார் வாங்கக் கிளம்பினால், அதைப் பற்றிக் கருத்துச் சொல்ல உரிமை இல்லாத ஒரே ஆள் அந்தப் பெண்தான் என்பது பிறகுதான் அவளுக்குப் புரிந்தது.

அவள் நர்ஸ். மாரிகுப்பத்தில் பிறந்தவள், மைசூர் மைன்ஸில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே வொயிட்ஃபீல்டில் உள்ள ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு ரயிலில் போய் வருகிறாள். விடியுமுன் எழுந்து, சோற்றை டப்பாவில் அடைத்து, ஓடிப்போய் ஏறினால் பங்காருபேட்டை வரைக்கும் நிம்மதியாக உட்காரலாம். அதற்குப் பிறகு ஏறுகிற கூட்டத்தில் யார் மடியில் யார் பை இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எந்த எக்ஸ்பிரஸ் வந்தாலும் இவர்கள் ரயில் ஒதுங்கி நின்று வழி விடும். அப்படி நின்று நின்றே அவள் வாழ்க்கையில் பாதி போய்விட்டது.

இந்த வருஷம் அவளை ஐ.சி.யூ.வுக்கு இன்சார்ஜ் ஆக்குவதாகச் சொன்னார்கள். ஒரே ஒரு நிபந்தனை. நைட் டியூட்டி சிஸ்டரிடமிருந்து காலை ஏழு மணிக்கு அவள் நேரில் பொறுப்பை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ரயில் கிடையாது. மேட்ரன் கறாரான மனுஷி. "ஜூன் மாசத்துக்குள்ள ஒரு வழி பண்ணிக்கோங்க ஜெனிட்டா, இல்லேன்னா ஹாஸ்டல்ல இருக்கற வேற யாருக்காவது குடுக்க வேண்டி வரும்" என்று சொல்லிவிட்டார். பதினைந்து வருஷமாக அவளுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் எல்லாரும் அவளைத் தாண்டிப் போனது இந்த ரயிலால்தான். இதையும் விட்டால் இனிமேல் கிடையாது.

வழி இருக்கத்தான் செய்தது. பேத்தமங்கலம் பக்கமாகப் புது எக்ஸ்பிரஸ் ரோடு வந்துவிட்டது. அதில் ஏறினால் ஓசக்கோட்டை வரைக்கும் கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடலாம். அதே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஐந்து பெண்கள் மாரிகுப்பம், சாம்பியன், ஊரிகம் என்று அவள் வழியிலேயே இருந்தார்கள். எல்லாரும் டீசலுக்குப் பங்கு போடத் தயார். ஆறு பேர் போக ஏழு சீட் வண்டி வேண்டும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஓட்டவும் அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே இருந்த டிரைவிங் ஸ்கூலில், டியூட்டி முடிந்து ரயிலுக்கு இருந்த நேரத்தில் கற்றுக்கொண்டு லைசன்ஸும் எடுத்துவிட்டாள். கூட வேலை பார்க்கும் சுமாவின் அண்ணனிடம் உயரமான ஏழு சீட் வண்டி ஒன்று இருந்தது. கியர் வண்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை பேத்தமங்கலம் ஏரி ரோட்டில் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தான். அத்தனை உயரத்தில் உட்கார்ந்ததும் முன்னால் போகிற லாரிக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்பது வரைக்கும் தெரிந்தது. இரண்டாவது கியரிலிருந்து மூன்றுக்கு மாறும்போது வண்டி ஒரு மூச்சு விட்டுவிட்டுச் சொன்னதைக் கேட்டது. ஏரிக்கரையில் திருப்பி நிறுத்திவிட்டு இறங்கியபோது அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இதேதான் வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து சொன்னாள். அங்கே ஆரம்பித்தது.

முதலில் நாத்தனார் வின்னி. ஃப்ரெடிக்கு அக்கா, கல்யாணம் செய்துகொள்ளாதவர். பேத்தமங்கலத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ரிட்டயராகி, இவர்களோடுதான் இருக்கிறார். நல்ல மனுஷிதான், ஆனால் தம்பி வாயிலிருந்து வருவதெல்லாம் அவருக்கு வேத வாக்கு.

"பொம்பளைக்கு இன்னாத்துக்குமா லாரி மாதிரி வண்டி" என்றார் வின்னி. "கிளட்ச்சு பொம்பள காலுக்கு ஆவாது. ஃப்ரெடி அப்பவே சொல்லுவான். கர்ப்பப்பையே எறங்கிப் போயிடுமாம்."

"யாரு சொன்னது அப்படி? நான் நர்ஸுங்க்கா."

"நீ நர்ஸுதான். அவன் கியர்பாக்ஸ்ல வேல செய்யறவன்."

இதற்கு மேல் என்ன பேசுவது. காலை முதல் ராத்திரி வரை வார்டில் நின்றும், கட்டிலில் கிடக்கும் ஆட்களைப் புரட்டியும் வேலை செய்கிற காலுக்கு ஒரு மிதி பெரிய பாரமாம். ஜெனிட்டா பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவினாள்.

அடுத்தது ரயில். பக்கத்து சீட்டு வாணி, "அக்கா, சின்னதா சிவப்புல எடுங்க, சக்கத்தா, ஜோரா இருக்கும்" என்றாள். கதவோரம் நின்று வருகிற, பெயர்கூடத் தெரியாத ஒருத்தர், கேட்காமலே, "லேடீஸ்னா ஆட்டோமேட்டிக்தான் மேடம் சேஃப்" என்றார். சேஃப் யாருக்கு என்று கேட்கலாம் என்று பார்த்தாள். காலங்காலையில் எதற்கு வம்பு என்று விட்டுவிட்டாள். சபையிலும் இதே பேச்சு. கோயர் பாடுகிற பெண்களே, "அவ்வளோ பெரிய வண்டிய எப்படி ரிவர்ஸ் எடுப்பீங்க" என்று பரிதாபப்பட்டார்கள். ரிவர்ஸ் கியர் போட்டுத்தான் எடுப்பேன் என்றாள். அதை யாரும் ஜோக் என்றுகூட எடுத்துக்கொள்ளவில்லை.

இத்தனைக்கும் மேல் ஒருத்தர் இருந்தார். அவர்தான் அவள் புருஷன் ஃப்ரெடி.

ஃப்ரெடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். புல்டோசர் ஃபேக்டரியில் கியர்பாக்ஸ் செக்‌ஷன். ஒரு கியர்பாக்ஸ் யானைக்குட்டி அளவு இருக்கும். அதைப் பிரித்துப் பரப்பி மறுபடி மாட்டச் சொன்னால் பாட்டுப் பாடிக்கொண்டே மாட்டுவான். அதனால் வண்டி என்றால் ஃப்ரெடி என்று ஊரில் ஒரு பேர். யார் கார் வாங்குவதாக இருந்தாலும் முதலில் அவனிடம் வந்து உட்காருவார்கள். பழைய வண்டி என்றால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்கள். அவன் பானெட்டைத் தூக்கி, காது கொடுத்துக் கேட்டு, "எடுக்கலாம்" என்றோ "வேணாம், தலைவலி" என்றோ சொல்வான். அவன் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அவனிடம் இருந்தது ஒரு மொபெட்டும் பிறகு ஒரு பைக்கும். கார் லைசன்ஸ் அவன் பர்ஸில் பல வருஷமாக இருக்கிறது. "லைசன்ஸ் கீது, வண்டிதான் இல்ல" என்பான். ஜெனிட்டாவும் அதை நம்பித்தான் இருந்தாள்.

அந்த ஃப்ரெடி சொன்னான்: "ஏழு சீட்டுலாம் வேணாம் ஜெனி. அஞ்சு பேர் போற மாதிரி ஆட்டோமேட்டிக் எடு. உனக்கு அதான் லாயக்கு."

"எனக்கு எது லாயக்குன்னு நான் ஓட்டிப் பாத்துட்டேன்."

"ஒரு நாள் ஓட்டுனா போதுமா? தெனமும் ஓட்டுனா கால் வலிக்கும். பொம்பளைங்களுக்கு கிளட்ச்சு கஷ்டம்."

"ஆறு பேரு போவணும்ங்க. அஞ்சு சீட்டுல ஒருத்திய எங்க வைக்கறது, மேலயா?"

"அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்றான் ஃப்ரெடி.

அவன் கூட்டாளிகள் மனோகரும் டென்னிஸும் அதற்கு ஒத்து ஊதினார்கள். இரண்டு பேரும் அவன் செக்‌ஷன்தான். மனோகருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை. "சிஸ்டர், பெரிய வண்டின்னா அது ஆம்பள வண்டி. நீங்க ஓட்டி, ஃப்ரெடி பக்கத்துல உக்காந்து போனா பாக்க நல்லாவா இருக்கும்?" என்று அவள் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே கேட்டான். டென்னிஸ் தலையாட்டினான். ஜெனிட்டாவுக்கு டீயைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஒருவழியாக ஒரு சனிக்கிழமை கோலார் ஷோரூமுக்குப் போனார்கள். ஜெனிட்டா, ஃப்ரெடி, வின்னி மூன்று பேரும். மஞ்சுநாத் என்று ஒரு சேல்ஸ் பையன் ஓடிவந்தான். "பன்னி சார், வாங்க, உட்காருங்க சார்" என்று கன்னடமும் தமிழுமாகச் சொல்லி ஃப்ரெடிக்கு நாற்காலி இழுத்துப் போட்டான். எந்த வண்டி என்று ஜெனிட்டா சொன்னாள். அவன் ஃப்ரெடியைப் பார்த்து, "நல்ல சாய்ஸ் சார்" என்றான். மேட்டில் நிறுத்தி எடுத்தால் பின்னால் உருளுமா என்று அவள் கேட்டாள். அவன் ஃப்ரெடியிடம் பதில் சொன்னான். லோன் யார் பேரில் என்று ஃப்ரெடியிடம் கேட்டான். "என் பேர்ல" என்று அவள் சொன்னதும் முதல் தடவையாக அவள் பக்கம் திரும்பி, வெயிலுக்கு மறைக்கிற பலகையை மடக்கிக் காட்டினான். அதன் பின்னால் முகம் பார்க்கிற கண்ணாடி இருந்தது.

"மேடம்க்கு மேக்கப்புக்கு" என்றான்.

ஐ.சி.யூ.வுக்குப் போகிறவளுக்கு என்னடா மேக்கப் என்று வாய் வரை வந்தது. வின்னி அந்தக் கண்ணாடியை ஆசையாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓட்டிப் பார்க்க வண்டி வந்தது. மஞ்சுநாத் சாவியை ஃப்ரெடி கையில் வைத்தான். ஃப்ரெடி அதைச் சுட்டுவிட்ட மாதிரி உடனே அவளிடம் தள்ளினான். "அவங்களே ஓட்டட்டும். நாளைக்கு அவங்கதான ஓட்டணும்" என்றான். அன்றைக்கு முதல்முறையாக அவள் புருஷன் மேல் அவளுக்கு ஒரு நல்ல எண்ணம் வந்தது. ஹைவே வரை போய்த் திருப்பிக்கொண்டு வந்து, இரண்டு வண்டிகளுக்கு நடுவில் அழகாகப் பின்னால் எடுத்து நிறுத்தினாள்.

மஞ்சுநாத் இறங்கி ஃப்ரெடிக்குக் கை கொடுத்தான். "சார், சூப்பரா கத்துக் குடுத்திருக்கீங்க."

ஃப்ரெடி சிரித்தான். நான் இல்லை என்று சொல்லவில்லை. அவளுடைய நல்ல எண்ணம் வந்த வழியே போய்விட்டது. ஆனாலும் அவள் கேட்ட வண்டியைத்தான் புக் செய்தார்கள், அடர்ந்த சாம்பல் நிறத்தில். ஜூன் தொடங்குமுன் வந்துவிடும் என்று சொன்னார்கள். அந்த நிம்மதியில் அவள் வாயை மூடிக்கொண்டு வந்தாள்.

பத்து நாள் கழித்து, வார்டில் ஒரு பேஷன்ட்டுக்கு டிரிப் மாற்றிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. மஞ்சுநாத். "மேடம், மாடல் மாத்தினது ஓகே ஆயித்து. சிவப்பு ஆட்டோமேட்டிக் ரெடி ஸ்டாக் இருக்கு. உங்க லோன் பேப்பர்ல மட்டும் இன்னொரு சைன் வேணும்."

"யாரு மாத்தினது?"

"சார்தான் மேடம். பிரெண்ட்ஸ் கூட வந்திருந்தாங்க. உங்களுக்கு சர்ப்ரைஸ்னாங்க."

அன்றைக்கு ரயிலில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை. கதவோரம் நின்றுகொண்டே வந்தாள். லோன் அவளுடையது, வேலை அவளுடையது, காலும் அவளுடையது. இதில் மூன்று ஆம்பளைகள் ஒரு சாயங்காலம் ஜாலியாகக் கோலார் போய் மாற்றிவிட்டு வருகிற அளவுக்கு அவள் என்ன சின்னப் பிள்ளையா? ஆறாவது பெண்ணிடம் என்ன சொல்வது? நீ ரயிலிலேயே வா, என் வீட்டுக்காரர் சர்ப்ரைஸ் கொடுத்துவிட்டார் என்றா?

வீட்டில் ஃப்ரெடி மறுநாள் ஷிஃப்டுக்கு யூனிஃபார்ம் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். வின்னி ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்தார். ஜெனிட்டா பையைக்கூட கீழே வைக்கவில்லை.

"ஏங்க மாத்துனீங்க?"

அவன் எல்லாவற்றையும் சொன்னான். சந்து குறுகல் என்றான். சபையில் ஒரு மாதிரி பேசுவார்கள் என்றான். மனோகர் சொன்னான், டென்னிஸ் சொன்னான், கால் வலிக்கும், பெண்களுக்கு ஆட்டோமேட்டிக்தான் என்றான். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். அவன் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தான். அவள் அவன் கையிலிருந்து இஸ்திரிப் பெட்டியை வாங்கி ஓரமாக நிறுத்தினாள்.

"நான் ஒன்னு கேக்கறேன். ஓட்டப்போறது நான். கியர் எனக்கு வருது. அப்பறம் உங்களுக்கு இன்னா வந்துச்சு?"

ஃப்ரெடி சட்டையின் காலரை நீவிக்கொண்டே இருந்தான். அந்தக் காலரிடம் சொல்வது போல, "எனக்கு வராது ஜெனி" என்றான்.

"இன்னா வராது?"

"கிளட்ச்சு. ஓட்ட வராது. லைசன்ஸு ஏஜென்ட்டு வாங்கிக் குடுத்தது."

அவள் பையைக் கீழே வைத்தாள்.

மூன்று இடத்தில் முயன்று பார்த்திருக்கிறான். முதலில் இங்கேயே, சுரங்க மண் கொட்டிய சைனைட் மேட்டுக்குப் பக்கத்துத் திடலில், ஒரு கூட்டாளியின் வண்டியில். மிதியை விட்டால் வண்டி குதித்து அணைந்துபோகும். சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டான். பிறகு பங்காருபேட்டை டிரைவிங் ஸ்கூல். அங்கே ஃபேக்டரி ஆள் ஒருத்தனைப் பார்த்ததும் வாசலோடு திரும்பிவிட்டான். கடைசியாக, யாருக்கும் தெரியக்கூடாது என்று முள்பாகல் வரை போயிருக்கிறான். கற்றுக்கொடுத்தவன் எங்கே வேலை என்று கேட்டான். புல்டோசர் கியர்பாக்ஸ் என்றதும், "அப்பறம் இங்க இன்னா சார் பண்றீங்க, கிண்டலா?" என்று கேட்டுவிட்டான். அதோடு சரி.

"ஆட்டோமேட்டிக்ல அது கெடையாது இல்ல" என்றான் ஃப்ரெடி. "உனக்கு லீவு நாள்ல எடுத்துனு போலாம்னு பாத்தேன். ஒரே ஒரு தடவ ஃபேக்டரி கேட்டு உள்ள. எல்லாரும் பாக்க."

பாவமாகத்தான் இருந்தது அவளுக்கு. ஆனால் பாவத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. ஒரு மனுஷனுக்கு ஒரு வேலை வரவில்லை என்பதில் என்ன இருக்கிறது? அவளுக்கு இட்லி சரியாக வராது, ஊருக்கே தெரியும்.

"வராதது உங்களுக்கு" என்றாள். "பேரு மட்டும் எனக்கா? இத்தனை மாசமா என் காலு, என் கர்ப்பப்பைன்னு ஊரே பேசிச்சே. வாயத் தொறந்தீங்களா?"

மறுநாள் அவள் மஞ்சுநாத்துக்குப் போன் செய்து பழைய வண்டியையே கொண்டுவரச் சொன்னாள். "சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமா மேடம்" என்றான் அவன். அதற்கு அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

வண்டி மே கடைசியில் வந்தது. ஷோரூமில் கேக் வெட்டினார்கள். அட்டையில் செய்த ஆளுயரச் சாவி ஒன்றைப் படத்துக்காக ஃப்ரெடியிடம் நீட்டினார்கள். அவன் அதை வாங்கி அவளிடம் கொடுக்கப் பார்த்தான். போட்டோக்காரன், "சார் பிடிங்க, மேடம் பக்கத்துல சிரிங்க" என்றான். அவள் சிரித்தாள். அந்தப் படத்தைப் பார்த்தால் பல்வலிக்காரி மாதிரி இருக்கும்.

அடுத்த ஞாயிறு சபையில் வண்டிக்கு நன்றியாக ஸ்தோத்திர காணிக்கை. கவரின் மேல் தன் கையெழுத்தில் 'ஜெனிட்டா' என்று எழுதிப் போட்டிருந்தாள். ஆராதனை முடிவில் பாஸ்டர் வாசித்தார்: "புதிய வாகனம் வாங்கக் கர்த்தர் கிருபை செய்தபடியால், சகோதரர் ஃப்ரெடி குடும்பத்தார்." பக்கத்தில் இருந்த வின்னி பக்தியோடு ஆமென் சொன்னார். ஜெனிட்டாவுக்குச் சொல்ல வரவில்லை.

பிறகு பாஸ்டர் வெளியே வந்து வண்டியின் மேல் கைவைத்து ஜெபித்தார். சபையே சுற்றி நின்றது. ஜெபம் முடிந்ததும் மனோகர் கையைத் தட்டினான். "மச்சான், எடுறா ஒரு ரவுண்டு. உங்க சந்து வரைக்கும் போய்ட்டு வரலாம். ஏறுங்கடா எல்லாரும்."

ஐந்தாறு பேர் கதவைத் திறக்கத் தயாரானார்கள். ஃப்ரெடி ஜெனிட்டாவைப் பார்த்தான்.

அவளிடம் ஒரு பொய் தயாராக இருந்தது. ஃப்ரெடிக்கு முட்டியில் நீர் கோத்திருக்கிறது, டாக்டர் ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார். நர்ஸ் சொன்னால் யார் மறுக்கப் போகிறார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. சாவியை அவன் கையிலேயே கொடுத்துவிடலாமா, இரண்டு தடவை குதித்து அணைந்தால் எல்லாருக்கும் புரிந்துவிடுமே என்றும் ஒரு நினைப்பு ஓடியது. ஆனால் தேயப்போகிற கிளட்ச் பிளேட் அவளுடையது. சாவியைக் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

ஃப்ரெடி மனோகர் பக்கம் திரும்பினான். "எனக்கு ஓட்ட வராது மனோ" என்றான்.

மனோகர் சிரிக்க ஆரம்பித்தான், எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள்.

"நெஜமாப்பா. கார் ஓட்டவே வராது. கத்துக்கப் போய் விட்டுட்டேன்."

சிரிப்பு அதிகமானது. "பாத்தீங்களா சிஸ்டர்" என்றான் மனோகர். "மொத நாளு நீங்க ஓட்டணும்னு எப்படி வுட்டுக் குடுக்கறான் பாருங்க. இந்த மாதிரி புருஷன் யாருக்குக் கெடைப்பான்?" பாஸ்டர்கூட ஃப்ரெடியின் தோளில் தட்டி, தாழ்மையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். கோயர் பெண்கள் ஜெனிட்டாவைப் பொறாமையோடு பார்த்தார்கள்.

கார் வாங்கியவள் அவள், ஓட்டுகிறவள் அவள், அதற்கும் பாராட்டு அவனுக்கு. இதற்கு மேல் ஒரு மனுஷி என்னதான் செய்ய முடியும் என்று தெரியாமல் அவள் போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஃப்ரெடி ஏறினான். பின்னால் வின்னி.

ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருந்தது. உடனே ஆம்பளைகள் அத்தனை பேரும் வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு கையை ஆட்டினார்கள். "வாங்க வாங்க சிஸ்டர், ரைட்ல ஒடிங்க, மெல்ல, செவுரு கீது" என்று ஆளுக்கொரு பக்கம் காட்டினார்கள். அவர்கள் நின்ற இடம்தான் அவள் போக வேண்டிய இடம். ஃப்ரெடி கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, "தள்ளுங்கப்பா, அவங்களுக்குத் தெரியும்" என்றான். அவன் சொன்னதும் எல்லாரும் ஒதுங்கினார்கள். ஒரே வீச்சில் பின்னால் எடுத்து ரோட்டில் இறக்கினாள்.

முதல் திருப்பம் தாண்டியதும் இரண்டாவது கியருக்கு மாற்றினாள்.

"சொல்லிட்டேன் ஜெனி" என்றான் ஃப்ரெடி.

"சொன்னீங்க. ஒருத்தரும் நம்பல. நீங்க தள்ளுன்னு சொன்னா மட்டும் தள்ளறாங்க. எனக்கு அதுதாங்க கடுப்பு."

"அதுக்கு நான் இன்னா பண்றது?"

"எனக்கும் தெரியல. நாளைக்கு ஃபேக்டரில மறுபடி சொல்லுங்க. நம்பற வரைக்கும் சொல்லுங்க."

பின் சீட்டிலிருந்து வின்னி கேட்டார். "டேய், நெஜமாவே வராதா உனக்கு?"

ஃப்ரெடி திரும்பவில்லை. "வராதுக்கா."

"எப்பவுமே வராதா?"

"எப்பவுமேதான்."

வின்னி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வண்டி மெயின் ரோட்டுக்கு வந்து வேகம் பிடித்தது. அக்கா ஏதாவது திட்டுவார் என்று ஜெனிட்டா எதிர்பார்த்தாள். திட்டவில்லை.

"அப்ப எங்க ஹெட்மாஸ்டர் வண்டிய விக்கறப்ப" என்று வின்னி மெதுவாக ஆரம்பித்தார். "நான் வாங்கறேன்னு கை காசெல்லாம் எடுத்து வெச்சிருந்தேன். டிரைவிங் ஸ்கூல்லகூட பேர் குடுத்துட்டேன். நீதான வந்து பாத்த. பானெட்டத் தொறந்து பாத்துட்டு, வண்டி நல்லாத்தாங்க்கா கீது, ஆனா கிளட்ச்சு பொம்பள காலுக்கு ஆவாதுன்னு சொன்ன."

ஜெனிட்டாவுக்கு இது தெரியாது. இவள் கல்யாணமாகி வருவதற்கு முந்தின கதை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் பார்த்தது வின்னியை பஸ் ஸ்டாப்பில்தான். போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். மழையில் நனைந்து வருவார், முட்டியைப் பிடித்துக்கொண்டு படி ஏறுவார். ரிட்டயராகும் வரை அப்படித்தான்.

"வண்டி வீட்டுக்கு வந்தா நீ என்னைத்தான் ஓட்டச் சொல்லுவ" என்றான் ஃப்ரெடி. "அதான்க்கா."

வின்னி முன்னால் நகர்ந்து, ஜெனிட்டாவின் சீட்டைப் பிடித்துக்கொண்டு, அவள் கால் பக்கம் எட்டிப் பார்த்தார். முன்னால் ஒரு ஆட்டோ நிற்க, ஜெனிட்டா கிளட்ச்சை மிதித்து, கியரை இறக்கி, விட்டாள்.

"அவ்வளவுதானா?" என்றார் வின்னி.

"அவ்வளவுதாங்க்கா."